செம்மறி மறந்த பாதை

பனங்கிழங்குப் பாத்தியை எப்போது கிண்டலாம் என்று எம்மில் எவரும் புத்தகத்தில் படித்ததில்லை. கொழும்புத்துறை வளவுகளில் மாரி தொடங்குமுன் பனங்கொட்டைகளை அடுக்கி மண்ணால் மூடிவிட்டால், மார்கழி, தை அளவில் அப்பு ஓரத்தில் ஒரு கிழங்கைக் கிண்டி முறித்துப் பார்ப்பார். “இன்னும் ரெண்டு கிழமை கிடக்கட்டும்” என்பார். மிகப் பிந்தினாலோ கிழங்கு தும்பாகிவிடும். அருகே நிற்கும் பேரன் முறிந்த கிழங்கையும் பார்க்கிறான், அப்புவின் முகத்தையும் பார்க்கிறான். அவியாமல் காய்ந்தால் ஒடியல், அவித்துக் காய்ந்தால் புழுக்கொடியல் என்பதும் ஆச்சியின் அருகில் நின்று பெற்ற அறிவுதான்.

இவ்வாறு பார்த்துக் கற்பது மனிதருக்கு மட்டும் உரியதன்று. யப்பானின் கோஷிமா தீவில் 1953 இல் இமோ எனப் பெயரிடப்பட்ட இளம் பெண் குரங்கொன்று, மண் ஒட்டிய வற்றாளைக் கிழங்கை நீரில் கழுவித் தின்னத் தொடங்கியது. அதனுடன் விளையாடிய குட்டிகளும் அதன் தாயும் முதலில் பழகின. வயது முதிர்ந்த ஆண் குரங்குகள் பெரும்பாலும் பழகவேயில்லை. (தம் வீட்டுப் பெரியவர்களை நினைத்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.) இமோவுக்குப் பின்பும் பழக்கம் நிலைத்தது, குட்டிகள் தாய்மாரிடமிருந்து அதைப் பெற்றன.

இடம்பெயர்ந்த எமக்கு இதைவிட நெருக்கமான கதை ஐக்கிய அமெரிக்காவின் மலைகளில் உள்ளது. அங்கே பெருங்கொம்புச் செம்மறி என்னும் காட்டு ஆடுகள், வசந்த காலத்தில் புல் துளிர்க்கத் துளிர்க்க மலையேறும், பனிக்காலத்தில் இறங்கும். வேட்டையாலும் நோயாலும் பல மலைகளில் அவை அற்றுப்போயின. பின்னர் வேறிடத்து ஆடுகளைப் பிடித்து அங்கே விட்டனர். புல் இருந்தது, நீர் இருந்தது. ஆனால் அவ்வாறு கொண்டுவந்து விடப்பட்டவற்றுள் பத்தில் ஒன்றுகூட அப்படி மலையேறவில்லை. கால்களில் பழுதில்லை, பாதை காட்ட மூத்த ஆடு இல்லை. பெரும்பாலானவை மீண்டும் அவ்வாறு போய்வரப் பழகச் சுமார் 40 ஆண்டுகள் சென்றன என்று 2018 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மூஸ் என்னும் பெரிய மான்களுக்கோ 90 ஆண்டுகள்.

அந்த 40 ஆண்டை எமது கணக்கில் வைத்துப் பாருங்கள். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு எழுந்தவர்களுள் பலருக்குக் காணி 25 ஆண்டுகளுக்கும் பின்பே திரும்பக் கிடைத்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ் நகரத்தாரும் வலிகாமத்தாரும் தென்மராட்சி நோக்கி நடந்தனர். அங்கிருந்து வன்னி சென்றவர்களும் பலர். முகாமில் பிறந்த பிள்ளை காணிக்குத் திரும்பும்போது கையில் உறுதி இருக்கிறது. எந்தக் கிணறு சித்திரை வெயிலில் உவராகும், எந்தத் துண்டில் வெங்காயம் நடலாம் என்பது உறுதியில் எழுதப்படவில்லை.

ஆட்டுக்கு அந்த மலையில் நடந்தே காட்டவேண்டும். ஆச்சியோ கொட்டில் வாசலில் இருந்துகொண்டே தூரத்து வளவின் கிணற்றைப் பற்றிச் சொல்ல முடியும். கைவேலை மட்டும் பேச்சில் வராது. கடகத்தின் மூலை திருப்புவதை வாயால் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், ஓலைதான் சிக்கும். சத்தகத்தையும் சார்வோலையையும் கையில் கொடுத்து, பக்கத்தில் இருத்தி, பிழையாக இழைத்ததைப் பிரித்துத் திரும்ப இழைக்க விடவேண்டும்.

ரியூசனுக்கு ஓடும் பிள்ளைக்கு அதற்கு நேரம் எங்கே என்று தாய்மார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பாத்தி கிண்டுவது வருடத்தில் ஒரு நாள்தான். அன்றைக்கு மட்டும் ரியூசனை விட்டுவிட்டு, பிள்ளையை அப்புவின் அருகில் நிற்கவிடலாம்.