காவல் குறைந்தால் விலகும் கிருமி

எய்ட்ஸ் முற்றிய உடல், கிருமிகளுக்குக் கதவைத் திறந்துபோட்ட வீடு. தொண்டையில் பூஞ்சை படர்கிறது. நுரையீரலைக் காசநோய் பிடிக்கிறது. நல்ல உடம்பில் வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் ஒதுங்கிக் கிடந்த வைரஸ்கள்கூட கண்ணையும் குடலையும் தாக்கப் புறப்படுகின்றன. அப்படியானால் அல்சருக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமியும் இந்த நோயாளிகளிடம் பல்கிப் பெருகியிருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மருத்துவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. எண்டோஸ்கோப்பியில் பார்த்தால் நிலைமை தலைகீழாக இருந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இந்தக் கிருமி மற்றவர்களைவிடக் குறைவு. அதிலும் எச்.ஐ.வி. அழிக்கும் சிடி4 என்ற எதிர்ப்பு அணுக்கள் ரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு 200-க்குக் கீழே இறங்கியவர்களிடம் இன்னும் குறைவு.

பைலோரியும் எச்.ஐ.வி.யும் மருத்துவ உலகுக்கு அறிமுகமானது ஏறக்குறைய ஒரே காலத்தில். எய்ட்ஸ் பற்றிய முதல் அறிக்கை 1981-ல் அமெரிக்காவில் வெளியானது. அதை உண்டாக்கும் எச்.ஐ.வி. வைரஸைப் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் 1983-ல் பிரித்தெடுத்தார்கள். நடுவில், 1982-ல், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையிலிருந்து எடுத்த சதைத்துணுக்குகளிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளில் எதுவும் முளைக்காவிட்டால் வளர்ப்புத் தட்டை வீசிவிடுவது ஆய்வுக்கூட வழக்கம். ஈஸ்டர் விடுமுறையால் ஒரு தட்டு ஐந்து நாள் அப்படியே கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. அதற்கு அவசரமே கிடையாது, அவ்வளவுதான். 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எதையும் அரித்துவிடும் அமிலத்தில் ஒரு கிருமி குடியிருப்பது எப்படி? யூரியேஸ் என்ற நொதி அதற்குக் கைகொடுக்கிறது. இரைப்பையில் கிடைக்கும் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தின் வீரியத்தை மட்டும் குறைத்துக்கொள்கிறது. பிறகு தன் திருகு உடலை முறுக்கிக்கொண்டு, இரைப்பைச் சுவரை மூடியிருக்கும் சளிப்படலத்துக்குள் நுழைந்துவிடுகிறது. அங்கே போனபின் ஆயுள் முழுக்கத் தங்கலாம். மனித இனம் ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியபோதே இதுவும் வயிற்றோடு கிளம்பியிருக்கிறது என்பதை அதன் மரபணுக்கள் காட்டுகின்றன.

இவ்வளவு கெட்டிக்காரக் கிருமி, எதிர்ப்பு குறைந்த உடலில் ஏன் குறைய வேண்டும்?

முதல் சந்தேகம் ஆன்டிபயாடிக் மீது. எய்ட்ஸ் நோயாளிகள் மற்ற தொற்றுகளுக்காக மாதக்கணக்கில் மருந்து சாப்பிடுகிறார்கள். போகிற போக்கில் பைலோரியும் அழிந்திருக்கலாம். அசித்ரோமைசின் போன்றவற்றுக்கு இது பொருந்தும். ஆனால் இவர்களுக்கு அதிகம் கொடுக்கப்படும் கோட்ரைமாக்சசோல் அந்தக் கிருமியை அசைப்பதில்லை. அதில் உள்ள டிரைமெத்தோபிரிமை, பைலோரி வளர்க்கும் தட்டில் மற்ற கிருமிகள் முளைக்காமல் இருக்கவே ஆய்வுக்கூடத்தில் கலக்கிறார்கள். ஆகவே மருந்து பாதிக் காரணமாக இருக்கலாம், முழுக் காரணம் அல்ல.

இரண்டாவது, அமிலம். எய்ட்ஸ் முற்றியவர்களில் பலருக்கு இரைப்பையில் அமிலச் சுரப்பு குறைகிறது. அமிலத்தைச் சமாளிக்கத் தெரிந்ததுதான் பைலோரியின் தனித்திறமை. அமிலமே இல்லையென்றால் அந்தத் திறமைக்கு மதிப்பில்லை. வாயிலிருந்தும் குடலிலிருந்தும் வரும் சாதாரணக் கிருமிகளே இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது விளக்கம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பைலோரி தங்கும் இரைப்பையில் அழற்சி ஓயாமல் நடக்கிறது. அதை நடத்துவது நம் சிடி4 அணுக்கள்தான். அழற்சியால் சிதையும் திசுவிலிருந்து கசியும் சத்துகளே கிருமிக்கு உணவு என்றும், எதிர்க்க ஆள் இல்லாத இரைப்பையில் அதற்குப் பசிதான் மிஞ்சும் என்றும் சிலர் வாதிடுகிறார்கள். அழகான விளக்கம். எலிகள்தான் இதற்கு முழுச் சம்மதம் தரவில்லை. நோய் எதிர்ப்பு அணுக்கள் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் இரைப்பையில் கிருமி தாராளமாக வாழ்கிறது, சேதம் மட்டும் பெரிதாக இல்லை. அதே எலிக்குச் சிடி4 அணுக்களைச் செலுத்தினால் அழற்சி கிளம்பிவிடுகிறது. அழற்சிக்குக் கிருமி பாதிப் பொறுப்பு, நம் காவல்படை மீதிப் பொறுப்பு என்பது இதில் உறுதியாகிறது. பசி விஷயம் உறுதியாகவில்லை.

எலிகளை விட்டு மனிதர்களுக்கு வருவோம். கானா நாட்டின் குமாசி நகரில் எச்.ஐ.வி. நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. மலப் பரிசோதனையில் பைலோரி இருப்பது ஏறத்தாழ பாதிப் பேரிடம் தெரிந்தது; எச்.ஐ.வி. இல்லாத ஊர்க்காரர்களிடமோ பெரும்பாலோருக்கு அது இருந்தது. இதுவரை பழைய கதைதான். ஆனால் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இன்னும் தொடங்காதவர்களில், பைலோரியும் சேர்ந்து இருந்தவர்களுக்குச் சிடி4 அதிகமாகவும், ரத்தத்தில் வைரஸ் குறைவாகவும் இருந்தது. அவர்களின் எதிர்ப்பு அணுக்களிடம் பரபரப்பும் கம்மி.

அந்தப் பரபரப்பு சாதாரண விஷயமல்ல. எச்.ஐ.வி. நன்றாகப் பெருகுவது விழித்துக் கிளர்ந்த சிடி4 அணுக்களுக்குள்தான். நெடுங்காலம் உயிரோடிருக்க விரும்பும் பைலோரியோ, நம் எதிர்ப்பை ஓரளவு தணிக்கும் அணுக்களை ஊக்குவிக்கிறது. அந்த அமைதி எச்.ஐ.வி.க்கு வேலையைக் கடினமாக்குகிறதா? இல்லை, சிடி4 நிறைய மிச்சமிருப்பவரிடம்தான் பைலோரி தங்குகிறது என்பதை நாம் தலைகீழாக வாசிக்கிறோமா? ஒரே சமயத்தில் எடுத்த ரத்தத்தை வைத்து எது முன், எது பின் என்று தீர்க்க முடியாது. என் சாய்வு இரண்டாவதன் பக்கம்.

எப்படியிருந்தாலும் பைலோரியை நண்பனாக்கிவிட வேண்டாம். இரைப்பைப் புற்றுநோய்க்குக் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே அதை வகைப்படுத்திவிட்டது. கூட்டு மருந்து ஒழுங்காகச் சாப்பிடுபவர்கள் இன்று முதுமை வரை வாழ்கிறார்கள். சிடி4 ஏறிய உடலில் இரைப்பையும் பழையபடி ஆகலாம். பைலோரியும் மற்றவர்களுக்குத் தரும் அதே தொல்லையை இவர்களுக்கும் தரலாம்.

கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. எதிர்ப்பு குறைந்தவர் உடலில் எதிர்ப்புப் பொருளும் சரியாக உருவாகாததால், ரத்தப் பரிசோதனை ‘இல்லை’ என்று சொன்னாலும் கிருமி இருக்கலாம். மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ மேல். அதற்கு முன் இரண்டு வாரம் அமிலத்தை அடக்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளையும், நான்கு வாரம் ஆன்டிபயாடிக்குகளையும் தவிர்க்க வேண்டும். எதை நிறுத்துவது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும், எச்.ஐ.வி. மாத்திரை இந்தக் கணக்கில் வராது.

சிகிச்சையில் சிக்கல் இன்னும் அதிகம். பைலோரிக்கு இரண்டு வாரம் ஆன்டிபயாடிக்குகளோடு அமிலத்தை அடக்கும் மாத்திரையும் தருவார்கள். ரில்பிவிரின் என்ற எச்.ஐ.வி. மாத்திரை உடலில் சேர அமிலம் தேவை. அதோடு ஒமிப்ரசோல் கூடவே கூடாது. அட்டசனாவிர் என்ற இன்னொரு எச்.ஐ.வி. மருந்துக்கும் ஏறக்குறைய அதே பிரச்சினை. பைலோரிக்குத் தரும் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கின் அளவை, ரிட்டோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து ரத்தத்தில் ஏற்றிவிடும். நம் நாட்டு எச்.ஐ.வி. சிகிச்சை (ஏ.ஆர்.டி.) மையங்களில் இப்போது பரவலாகத் தரப்படும் கூட்டு மாத்திரையில் உள்ள டோலுடெக்ராவிர் இவ்விஷயத்தில் சாது, ஒமிப்ரசோலோடு ஒத்துப்போகும். ஆனால் நெஞ்செரிச்சலுக்குச் சீட்டில்லாமல் கடையில் வாங்கிக் குடிக்கிறோமே, அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த அந்த சிரப், டோலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் டோலுடெக்ராவிரை அந்தச் சிரப்புக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவோ, ஆறு மணி நேரம் கழித்தோதான் விழுங்க வேண்டும்.