கார்டு பில் ஒரு மாதம் தவறிப் போனால்...



மணலியில் எங்கள் குழு ஒன்றில் ஒரு அக்கா தொடர்ந்து இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. சந்தாவை மட்டும் மகனிடம் கொடுத்து அனுப்பினார். உடம்புக்கு என்னவோ என்று விசாரிக்கப் போனோம். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. கிரெடிட் கார்டு பில் கட்டாமல் விட்டிருக்கிறார். போன் மேல் போன். வசூலுக்குப் பேசிய ஒருவர், "உன்னால உங்க குழுவுக்கே இனிமே லோன் கிடைக்காது" என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பயத்தில்தான் எங்கள் முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கிறார்.

முதலில் இந்தப் பயத்தைத் தீர்த்துவிடுவோம். உறுப்பினர் ஒருவரோ அவர் வீட்டாரோ வங்கிக்குப் பாக்கி வைத்திருப்பது, குழுவுக்குக் கடன் தருவதற்குச் சாதாரணமாகத் தடையாக இருக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல். குழு தன் கடனைச் சரியாகக் கட்டி வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் குழு வாங்கும் வங்கிக் கடனில் இருந்து, அதே வங்கிக்குப் பாக்கி வைத்த உறுப்பினருக்குப் பங்கு கொடுக்கக் கூடாது. இதையும் மறக்க வேண்டாம்.

இந்த அக்கா பெரிய செலவு எதுவும் செய்துவிடவில்லை. 2022-க்குப் பிறகு ரூபே கிரெடிட் கார்டை செல்போனில் யு.பி.ஐ.யோடு இணைக்க முடிகிறது. மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் ஸ்கேன் செய்தால் போதும். நம் கணக்கில் இருந்து பணம் போகிறதா, கடனாக ஏறுகிறதா என்று நினைவே இருப்பதில்லை. பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ், மாமியாருக்கு மருந்து, அரிசி, எண்ணெய் எல்லாம் சேர்ந்து 12,000 ரூபாய் பில் வந்தது. பில்லில் 'குறைந்தபட்சம் கட்ட வேண்டியது 600' என்று இருந்தது. அதைக் கட்டிவிட்டு, இந்த மாதம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிட்டார். அடுத்த மாதம் வீட்டுக்காரருக்கு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை நின்றது. அந்த 600-ம் கட்ட முடியவில்லை.

அந்த 600-இன் கணக்கைப் பாருங்கள். மீதி நிற்பது 11,400. பல கார்டுகளில் மாத வட்டி நூற்றுக்கு மூன்றரை ரூபாய்க்குக் குறையாது. அப்படியானால் ஒரு மாத வட்டி 399 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 72 ரூபாய். ஆக 471. மறு மாதமும் 600 கட்டினால் அசலில் கழிவது வெறும் 129 ரூபாய்! அது மட்டுமா, பழைய பாக்கி நிற்கும்போது அதே கார்டில் புதிதாக ஒரு கிலோ சர்க்கரை வாங்கினாலும், வாங்கிய நாளில் இருந்தே அதற்கு வட்டி ஓடும். கார்டை வைத்து ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால் எப்போதுமே அந்த நாளில் இருந்தே வட்டிதான், தனிக் கட்டணமும் உண்டு.

இவ்வளவு வட்டி நியாயமா என்று எங்களுக்கும் கோபம் வரத்தான் செய்தது. 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்புச் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதனால் வட்டியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு நாளை ஓட்டினால் நமக்குத்தான் நஷ்டம்.

கட்டும் தேதி தவறிவிட்டதா? உடனே நாள் கணக்கைப் பாருங்கள். ரிசர்வ் வங்கி 2022-ல் போட்ட விதிப்படி, கடைசித் தேதியில் இருந்து மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், சிபில் போன்ற இடங்களுக்கும் தெரிவிக்கலாம். கடைசித் தேதி 5 என்றால் 8-க்குள் கட்டிவிடுங்கள். (இது வட்டிக்குப் பொருந்தாது.) முழுப் பணம் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குறைந்தபட்சத் தொகையாவது கட்டினால் தாமதக் கட்டணம் வராது. அதுவும் முடியாவிட்டால் கையில் இருப்பதைக் கட்டுங்கள். தாமதக் கட்டணத்தை மீதி நிற்கும் தொகைக்குத்தான் போட வேண்டும், மொத்த பில்லுக்கும் அல்ல.

பிறகு கார்டின் பின்பக்கம் உள்ள எண்ணுக்கு நாமே போன் செய்ய வேண்டும். "முதல் தடவை தவறிடுச்சு, தாமதக் கட்டணத்தைத் தள்ளிக் கொடுங்க" என்று கேட்கலாம். தள்ளியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, ஆனால் கேட்டால் பல சமயம் தள்ளுகிறார்கள். பாக்கியைத் தவணையாக மாற்றித் தருவார்களா, அதற்கு வட்டி என்ன என்றும் கேளுங்கள். ஒத்துக்கொண்டதை மெசேஜிலோ கடிதத்திலோ வாங்கிக்கொள்ளுங்கள். 'பாதி கட்டு, முடிச்சுக்கலாம்' என்றால் யோசியுங்கள். முழுதாகக் கட்டி முடித்த கணக்கு வேறு, பேசிக் குறைத்து முடித்த கணக்கு வேறு. நம் கடன் பதிவில் இரண்டும் வேறு வேறாகத்தான் தெரியும்.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ போன் செய்யக் கூடாது. மிரட்டவோ, அக்கம்பக்கத்தில் அவமானப்படுத்தவோ, வீட்டாரைத் தொந்தரவு செய்யவோ அவர்களுக்கு உரிமை கிடையாது. பணத்தை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள், வங்கிக்கே கட்டுங்கள். மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். எப்படி என்று 14448-ல் கேட்டால் சொல்வார்கள். 'கார்டு பிளாக் ஆகிடும்' என்று வரும் லிங்கைத் தொட வேண்டாம், ஓ.டி.பி. யாருக்கும் சொல்ல வேண்டாம். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930.

அந்த அக்காவை அடுத்த கூட்டத்துக்கு அழைத்து வந்தோம். தீர்மானம் போட்டு, குழுவின் சொந்தச் சேமிப்பில் இருந்து உள்கடன் கொடுத்து கார்டு பாக்கியை முழுதாக அடைத்தோம். எங்கள் குழுவில் வட்டி நூற்றுக்கு ஒன்றரை ரூபாய். 11,400-க்கு மாதம் 171 ரூபாய், அதுவும் நம் குழுவுக்கே வருகிறது. "சேமிப்புப் பணத்தை கார்டுக்குக் கொடுப்பதா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். கேட்டது சரிதான். அதனால், கடன் முடியும்வரை கார்டை யு.பி.ஐ.யில் இருந்து எடுத்துவிட வேண்டும் என்பதையும் தீர்மான நோட்டில் எழுதி, அக்காவிடம் கையெழுத்து வாங்கினோம்.

கார்டு வைத்திருக்கும் உறுப்பினர்கள் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு பில்லை எடுத்து வாருங்கள். கடைசித் தேதி எங்கே இருக்கிறது, மொத்தப் பாக்கி எங்கே, குறைந்தபட்சம் எங்கே என்று ஊக்குநர்களோடு உட்கார்ந்து பார்த்துவிடலாம்.