சாமிக்கு வழிவிட்ட விமானங்கள்

சென்ற பங்குனியில் என் மகள் தன் இரண்டு குழந்தைகளோடு ஷார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். மூன்று வாரம் நாகர்கோவிலில் எங்களோடு இருந்தார்கள். திரும்பிப் போக ஒரு வாரம் இருக்கும்போது அவளுடைய கைப்பேசிக்கு ஒரு தகவல் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து மாலை ஏழு மணிக்குப் புறப்பட வேண்டிய விமானம், மறுநாள் காலை ஏழு மணிக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்று. காரணம் எதுவும் போடவில்லை.

நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். அன்றைக்குப் பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு. காரணம் விளங்கிவிட்டது.

திருவனந்தபுரத்தில் வாழும் அன்பர்களுக்கு இது தெரிந்த விஷயம். மற்ற ஊர்களிலிருந்து இந்த இதழைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்து நாள் திருவிழாவின் நிறைவாகப் பத்மநாபசுவாமி சங்குமுகம் கடலுக்கு நீராட எழுந்தருளுவார். அவர் போகும் வழியின் குறுக்கே விமான நிலையத்தின் ஓடுபாதை கிடக்கிறது. ஊர்வலம் அதைக் கடந்து போய், கடலாடி, மறுபடியும் அதையே கடந்து திரும்பும்வரை, ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எந்த விமானமும் இறங்காது, ஏறாது. மலையாளத்தில் அந்த மாதங்களுக்கு மீனம், துலாம் என்று பெயர். ஆனால் திருவிழாக்களுக்கு மட்டும் பைங்குனி, அல்பசி என்று நம்முடைய மாதப் பெயர்களே இன்றைக்கும் வழங்குகின்றன.

அதிகாலை நான்கு மணிக்கு விமான நிலையத்தில் நிற்க வேண்டுமென்றால் நாகர்கோவிலிலிருந்து நள்ளிரவிலேயே கிளம்ப வேண்டும். தூரம் எழுபது கிலோமீட்டர்தான். ஆனால் களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாகப் போகும் அந்தச் சாலையை அறிந்தவர்கள் தூரத்தை நம்பிப் புறப்பட மாட்டார்கள். மாப்பிள்ளை ஷார்ஜாவிலிருந்து பேசினார். "மாமா, முந்தின நாளே போய்த் தங்கிருங்க. பிள்ளைகளுக்குப் பிடிச்ச மாதிரி ஏர்போர்ட் பக்கத்திலேயே ஒரு ஹோட்டல் பாத்து வச்சிருக்கேன்" என்றார்.

அறையா, விமானமா?

நான் முப்பத்தெட்டு ஆண்டுகள் ரயில்வேயில் இருந்தவன். டிப்ளமோ முடித்து 1982-இல் சேர்ந்து, தண்டவாளம் பராமரிக்கும் பி.டபிள்யூ.ஐ.யாகக் காலம் தள்ளி, 2020-இல் ஓய்வு பெற்றேன். வெளியூரில் தங்குவது என்றால் எனக்குத் தெரிந்தவை இரண்டுதான். ஒன்று ரெஸ்ட் ஹவுஸ், மற்றது ஸ்டேஷன் ரிட்டயரிங் ரூம். இரண்டிலும் ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு வாளி, ஒரு கப். அதற்கு மேல் யாரும் எதிர்பார்த்ததில்லை.

இந்த ஹோட்டல் அறைக்குள் நுழைந்ததும் என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். சுவர் முழுவதும் விமானத்தின் உட்புறம் போல வளைவாக வர்ணம் பூசியிருந்தார்கள். வரிசையாக முட்டை வடிவ ஜன்னல்கள், அவற்றில் மேகங்கள். குழந்தைகளின் கட்டில் இறக்கை வைத்த விமானம் போல இருந்தது. கூரையில் சின்னச் சின்ன நட்சத்திர விளக்குகள். கதவு திறக்கும் அட்டைகூடப் போர்டிங் பாஸ் மாதிரி. ஒன்பது வயதுப் பேரன் ஒரு பாய்ச்சலில் கட்டிலில் ஏறி விமானி ஆகிவிட்டான். ஆறு வயதுப் பேத்தி எங்களுக்கெல்லாம் பெல்ட் போடச் சொல்லி உத்தரவு போட்டாள். வாடகையைக் கேட்டபோது எனக்கு நிஜமாகவே பெல்ட் தேவைப்பட்டது.

இப்படிப்பட்ட ஹோட்டல்கள் உலகில் பல இடங்களில் வந்திருப்பதாக மகள் சொன்னாள். சுவீடனில் ஸ்டாக்ஹோம் ஆர்லாண்டா விமான நிலையத்தில், 1976-இல் கட்டப்பட்ட ஒரு பழைய ஜம்போ ஜெட்டையே அறை அறையாகத் தடுத்து 2009-இல் ஹோட்டலாகத் திறந்தார்கள். நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில், ஏரோ சாரினென் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1962-இல் திறக்கப்பட்ட டி.டபிள்யூ.ஏ. முனையம், பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தபின் 2019-இல் ஹோட்டலாகி உயிர் பெற்றது. அங்கே ஒரு பழைய கான்ஸ்டலேஷன் விமானத்தை மது அருந்தும் கூடமாக்கி நிறுத்தினார்கள். நம் ரயில்வேயும் சும்மா இருக்கவில்லை. மும்பை சென்ட்ரல் ஸ்டேஷனில் 2021-இல் பெட்டி பெட்டியான அறைகள் கொண்ட பாட் ஹோட்டலைத் திறந்தது.

எல்லாம் சரி. அரை மணி நேரம் கழித்துப் பேரன் ஒரு முட்டை ஜன்னலைத் தள்ளிப் பார்த்தான். அது திறக்கவில்லை. சுவரில் ஒட்டிய படம் எப்படித் திறக்கும்? அந்த அறையில் உண்மையான ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அதுவும் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்து இருந்தது.

"பாட்டா, நிஜ பிளேன் எங்க?" என்றான்.

வரவேற்பறையில் கேட்டேன். மொட்டை மாடிக்குப் போனால் ஓடுபாதை தெரியும் என்றார்கள். இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஏறினேன். தெரிந்தது. தென்னைகளுக்கு அப்பால் நீளமான கறுப்புப் பாதை, அதற்கும் அப்பால் கடல். ஆனால் ஒரு விமானம்கூட அசையவில்லை. மணி நாலே கால். ஓடுபாதையை மூடிவிட்டார்கள். விமானம் பார்க்க ஆசைப்பட்ட பிள்ளைகளை, ஆண்டில் இரண்டே இரண்டு நாள் விமானம் வராத வேளை பார்த்து, விமான ஹோட்டலுக்குக் கூட்டி வந்திருந்தோம்.

கேட் அடைத்தாயிற்று

பேத்தியின் முகம் சுருங்கிவிட்டது. நான் எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன். "மக்களே, நம்ம ஊர்ல ரயில் வரும்போது கேட் அடைப்பாங்க இல்லியா? காரும் பஸ்ஸும் நிக்கும். இன்னைக்கு இங்க சாமி வாராரு. அதனால பிளேனுக்குக் கேட் அடைச்சாச்சு."

பேரன் யோசித்தான். "பிளேன் எல்லாம் சாமிக்கு வெயிட் பண்ணுதா?" என்றான்.

"ஆமா. உன் பிளேனும் அதுக்குத்தான் வெயிட் பண்ணுது."

அதற்குப் பிறகு அவனை மாடியில் பிடித்து வைக்க முடியவில்லை. சாமியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றான்.

ரயில்வேக்காரனுக்கு ஒரு பாதையை மூடுவது என்றால் என்னவென்று தெரியும். நாங்கள் அதை 'பிளாக்' என்போம். இரண்டு மணி நேரம் பிளாக் கிடைப்பதற்குப் பல நாள் முன்பே எழுதிக் கேட்டு, எந்த வண்டியை எங்கே நிறுத்துவது என்று கணக்குப் போட்டு, கொடுத்த நேரத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டும். விமானத் துறையில் இதற்கு 'நோட்டம்' என்று ஓர் அறிவிப்பு இருக்கிறது. இன்ன நாள், இன்ன நேரம் ஓடுபாதை கிடையாது என்று முன்கூட்டியே எல்லா விமானிகளுக்கும் தெரிவித்துவிடுவார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள இந்த ஓடுபாதையின் மேல்தளத்தைப் புதுப்பிக்க 2025-இன் தொடக்கத்தில் பல வாரங்கள் பகலில் மூடினார்கள். அது எந்திரங்களுக்காக. ஆறாட்டுக்கு மூடுவது வழிப்போக்கர் ஒருவருக்காக.

இதில் நியாயமும் இருக்கிறது. விமான நிலையம் தொடங்கியது 1932-இல். 1935-இல் டாடா நிறுவனத்தின் சிறிய விமானம் ஒன்று பம்பாயிலிருந்து தபாலோடு வந்து இறங்கியது. 1991-இல் இது பன்னாட்டு விமான நிலையம் ஆனது. சாமியோ அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே அந்த வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். 363 நாள் மக்களுக்கு, இரண்டு நாள் பத்மநாபனுக்கு என்று அந்தக் காலத்தில் மன்னர் சித்திரைத் திருநாள் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. யார் சொல்லியிருந்தாலும், சொன்ன வாக்கை மன்னராட்சி போன பின்னும், நிர்வாகம் பல கைகள் மாறிய பின்னும் காப்பாற்றி வருகிறார்கள்.

பார்க்காமல் விட்ட ஆறாட்டு

ஓடுபாதைக்குள் எல்லாரும் போக முடியாது. அனுமதிச் சீட்டு உள்ளவர்களை மட்டுமே விடுவார்கள். நாங்கள் ஆட்டோ பிடித்து வள்ளக்கடவுப் பக்கம் போய்ச் சாலையோரம் நின்றோம். முதலில் குதிரைப் போலீஸ் வந்தது. பிறகு யானை, மேளம், ஆயுதம் தாங்கிய போலீஸ் அணி. அதன் பின்னால் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் மூத்தவர் கையில் வாளோடு நடந்து வந்தார். பிறகு கருட வாகனங்களில் பத்மநாபசுவாமி, நரசிம்மமூர்த்தி, கிருஷ்ணசுவாமி. அத்தனை கூட்டத்திலும் அந்த நேரம் ஒரு அமைதி. என் தோளில் இருந்த பேத்தி கைகூப்பியிருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஊர்வலம் விமான நிலையத்தை நோக்கித் திரும்பியதும் மகள் மெதுவாகச் சொன்னாள். "அப்பா, நான் ஆறாட்டு பாக்கது இதுதான் முதல் தடவை."

எனக்குச் சுரீர் என்றது. அவளுக்கு மூன்று வயதிலிருந்து பதினான்கு வயதுவரை இதே ஊரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். பதினோரு ஆண்டு, இருபத்திரண்டு ஆறாட்டு. ஒவ்வொரு முறையும் கேட்பாள். ஐப்பசி என்றால் நமக்கு அடைமழைக் காலம். குழித்துறை, இரணியல் பக்கம் ஆழமான கட்டிங்குகளில் மண் சரியும். இரவு ரோந்துக்காரர்கள் லாந்தரோடும் டெட்டனேட்டரோடும் லைனில் நடக்கிறார்களா என்று நான் போய்ப் பார்க்க வேண்டும். பங்குனி என்றால் வருஷக் கடைசி வேலைகள். "அடுத்த வருஷம் போலாம் மக்களே" என்று சொல்லிவிட்டு டிராலியில் ஏறிவிடுவேன். வண்டிகள் பத்திரமாக ஓடின. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு சிறு பெண் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று மேளச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வளர்ந்திருக்கிறாள்.

"அப்பாவுக்கு அப்போ லீவு கிடைக்கல்ல" என்றேன்.

"தெரியும்பா. இவங்க அப்பாவுக்கும் இப்போ கிடைக்கல்ல" என்று சிரித்தாள்.

அதில் குற்றச்சாட்டு இல்லை. இருந்தாலும் அந்த ஒரு வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது. புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இதுதானே கதை?

ஒன்பது மணிக்கு

இரவு இட்லி சாப்பிட்டுவிட்டு மறுபடியும் எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறினோம். தூரத்தில் தீவட்டி வெளிச்சம் திரும்பிப் போவது தெரிந்தது. "சாமி போயாச்சே, இன்னும் ஏன் பிளேன் வரல்ல?" என்று பேரன் கேட்டான். அதையும் சொன்னேன். நாங்கள் வேலை முடித்ததும் ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, 'லைன் சரியாக இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி விடுவார்கள். இங்கேயும் ஓடுபாதையை ஆட்கள் பார்வையிட வேண்டும். கீழே விழுந்த சின்னப் பொருள்கூட ஆபத்து. 2000-இல் பாரிஸில் கான்கார்டு விமானம் விபத்துக்குள்ளானதற்கு, ஓடுபாதையில் கிடந்த ஒரு உலோகத் துண்டு டயரைக் கிழித்ததுதான் தொடக்கம். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒன்பது மணிக்குச் சற்றுப் பின், வானத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. அது பெரிதாகி, இரைச்சலோடு இறங்கி, தென்னைகளுக்குப் பின்னால் ஓடியது. பிள்ளைகள் இருவரும் கத்திய கத்தலில் ஹோட்டல் காவலாளி மேலே ஏறி வந்துவிட்டார். அடுத்தடுத்து விமானங்கள் வந்தன. ஏழு வரை எண்ணிய பேத்தி என் மடியிலேயே தூங்கிவிட்டாள். விமானக் கட்டிலில் பிள்ளைகள் படுத்தது மூன்றரை மணி நேரம்கூட இருக்காது.

குழந்தைகளோடு இப்படித் தங்கப் போகும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். பயண நாள் பங்குனியிலோ ஐப்பசியிலோ வந்தால் ஆறாட்டுத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அறை எடுக்கும்போது சுவரில் என்ன படம் என்று கேட்காமல், ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது, மொட்டை மாடிக்குப் போக விடுவார்களா என்று கேளுங்கள். மாடியில் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக ஒன்று: இங்கே முனையங்கள் இரண்டு. 2011-இல் திறந்த பன்னாட்டு முனையம் சாக்கைப் பக்கம். பழைய முனையம் சங்குமுகம் கடற்கரைப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஓடுபாதை. ஆட்டோவில் ஏறும்போதே சரியாகச் சொல்லாவிட்டால் சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஒருமுறை மாப்பிள்ளையை வழியனுப்பப் போய் நானே அந்தத் தவறைச் செய்து, வேர்த்து விறுவிறுத்து ஓடியிருக்கிறேன்.

காலை நான்கு மணிக்கு முனைய வாசலில் பெட்டிகளை எண்ணி இறக்கினோம். அதற்கு மேல் எங்களுக்கு அனுமதி இல்லை. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு முறுக்குப் பொட்டலத்தை மகளின் பையில் திணித்தாள். பேரன் உள்ளே போனவன் திரும்பி ஓடிவந்தான்.

"பாட்டா, மறுபடி ஆறாட்டு எப்போ?"

'அடுத்த வருஷம் பாக்கலாம்' என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். "வாற பங்குனி. தேதியைப் பாத்து அப்பாட்டச் சொல்லுதேன். அவரும் வரட்டும்" என்றேன்.

புதுக் காலண்டர் வந்ததும் முதல் வேலையாக அந்த நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மாப்பிள்ளைக்கு எழுதிவிட்டேன். இந்த முறை பிளாக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பம் போட்டாயிற்று.