விளைச்சலா, விதைநெல்லா?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒயிட் மவுண்டன்ஸ் மலைச்சரிவில் ஹப்பர்ட் புரூக் என்றொரு ஆய்வுக் காடு இருக்கிறது. அதன் சிற்றோடைகளுக்குக் குறுக்கே கான்கிரீட் தடுப்புகள். ஒவ்வொன்றிலும் ‘வி’ வடிவ வெட்டு. அந்த வெட்டில் நீர் எவ்வளவு உயரம் ஏறி வழிகிறது என்பதை வைத்தே ஓட்டத்தை அளக்கிறார்கள். 1963 முதல் ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன் குழுவினர் மழைநீரையும் ஓடைநீரையும் வாரந்தோறும் சேகரித்துச் சோதித்தார்கள். அடிப்பாறை வழியே நீர் அதிகம் கசியாததால் கணக்கு சுலபம்: மழை கொண்டுவந்ததைவிட ஓடை கொண்டுபோகும் கால்சியம் அதிகமென்றால், மீதி மண் கொடுத்தது.

மண் எப்படிக் கொடுக்கிறது? பனிப்பாறைகள் விட்டுச்சென்ற அந்த மண்ணில் ஃபெல்ஸ்பார் துகள்கள் நிறைய உண்டு. வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயு, நீரில் கரைந்து மெல்லிய அமிலமாகிறது. அதன் ஹைட்ரஜன் அயனிகள் துகளை அரித்துக் கால்சியத்தை வெளியேற்ற, மிஞ்சுவது களிமண்ணாக மாறுகிறது. விடுபட்ட கால்சியம் களிமண்ணிலும் மட்கிலும் ஒட்டியிருக்கும். மரங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. எல்லாமே ஆமை வேகம்.

சிக்கல் இங்கேதான். ஓடையில் வரும் கால்சியம் பாறை புதிதாகத் தந்த விளைச்சலா, மண் சேர்த்துவைத்திருந்த விதைநெல்லா? தண்ணீரைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. அமில மழை பெய்த ஆண்டுகளில் போனது பெருமளவு விதைநெல்தான். மண்ணில் ஒட்டியிருந்த கால்சியத்தை அமிலம் பெயர்த்து ஓடைக்கு அனுப்பிவிட்டது. பாறைச் சிதைவால் அந்த வேகத்துக்கு ஈடுகட்ட முடியவில்லை. லைக்கன்ஸ் குழுவினர் இதை 1996-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள்.

எழுதியதோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தார்கள். 1999 அக்டோபரில் ஹெலிகாப்டரிலிருந்து ஏறத்தாழ 30 ஏக்கர் காட்டின்மேல் வொலாஸ்டனைட் என்ற கால்சியம் சிலிக்கேட் கனிமத்தைக் குருணையாகத் தூவினார்கள். சுண்ணாம்பை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தது நல்ல யோசனை: சிலிக்கேட் கனிமம் மெல்லக் கரையும், இயற்கைச் சிதைவின் போக்கை ஒத்திருக்கும். அடுத்த ஆண்டுகளில் சர்க்கரை மேப்பிள் மரங்கள் தேறின. ஓடு கட்டக் கால்சியம் தேவைப்படும் நத்தைகளும் பெருகின.

1990-இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு மழையின் அமிலம் வெகுவாகத் தணிந்துவிட்டது. குருணை தூவாத பக்கத்துச் சரிவில் ஓடைநீரின் உப்புகள் ஆண்டுக்காண்டு குறைந்து, அது ஏறக்குறைய மழைநீரைப் போலவே நீர்த்துப்போயிருக்கிறது. கால்சியத்தைப் பெயர்க்க முன்போல அமிலம் இல்லை. இழந்ததைத் திருப்பித் தரும் அளவுக்குச் சிதைவின் வேகமும் இல்லை.