பழைய காருக்குப் பொருந்தும் உறுப்பு

மூலனூரினின்று திருப்பூர் சென்று பின்னல் எந்திரத்திற்கு ஊசி வாங்குவோர், அதன் கேஜ் அறிந்தே வாங்குவர். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு என்ஜின் உறுப்புத் தேடுவோர்க்கும் இவ்விதியே துணையாம்.

இங்கிலாந்தில் 1962இல் வெளிவந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும், சென்னையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஒரே குடும்பத்து என்ஜின் உடையன. ஆதலின் ஒன்றன் பிஸ்டன் மற்றதற்குப் பொருந்துமெனச் சிலர் எண்ணுவர். அது பொருந்தாது. பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் இரண்டிலும் 76 மில்லிமீட்டரே. சிலிண்டரின் விட்டமோ 948 சி.சி. ஹெரால்டில் 63, 1147 சி.சி. ஸ்பிட்ஃபயரில் 69.3, பின்வந்த 1296 சி.சி. ஸ்பிட்ஃபயரில் 73.7 மில்லிமீட்டராம்.

முதற்கண் என்ஜின் எண்ணை நோக்குக. அது வகையை உணர்த்தும். ஆயினும் அஃதொன்றே போதாது. தேய்ந்த சிலிண்டரை முன்னரே கடைந்து அகலப்படுத்தியிருக்கலாம். கிராங்கும் கடையப்பட்டு மெலிந்திருக்கலாம். அங்ஙனமாயின் பருத்த பிஸ்டனும் தடித்த பேரிங்கும் வேண்டும். ஆதலின் சிலிண்டரை மேலும் நடுவிலும் கீழும் அளந்த பின்னரே வாங்குக. தளர்ந்த பிஸ்டன் எண்ணெயைப் புகையாக்கும். இறுகியது சிலிண்டரைக் கீறி என்ஜினை நிறுத்திவிடும். கடல்கடந்து வருவித்த உறுப்பாயினும் அளவு தவறின் பயனின்று. என்ஜினின் பிறப்பை எண் சொல்லும். இற்றை நிலையை அளவே சொல்லும்.