குப்பை சேர்க்கும் கலமும் ஏற்றிச் செல்லும் வண்டியும்

மலைநாட்டு மண்ணுக்குச் சேதனப் பொருள் எத்துணை இன்றியமையாதது என்பதை இங்குள்ள கமக்காரர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சரிவான பாத்திகளில் ஒரு பெருமழை பெய்து ஓய்ந்தால், மேல்மண் எவ்வளவு போயிற்று என்பதை வடிகால் நீரின் நிறமே காட்டிவிடும். இழந்த வளத்தை ஈடுசெய்யக் கூட்டெரு வேண்டும். கூட்டெருவுக்கு மக்கும் பொருள் வேண்டும். அப்பொருளோ நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை ஆகிய நகரங்களின் சந்தைகளிலும், தோட்டத்து லயங்களின் பின்புறத்திலும் நாள்தோறும் குவிகின்றது. கோவாவின் வெளியிலை, லீக்ஸ் தாள், கரட் தழை, அழுகிய தக்காளி, சமையலறைக் கழிவு எனக் கணக்கிட்டால், நம் நாட்டு நகரக் குப்பையில் எடையளவிற் பாதிக்கு மேற்பட்டது மக்கக்கூடிய பொருளேயாகும்.

அவ்வாறிருந்தும், நகரக் குப்பையை ஒருமுறை கேட்டு வாங்கிய கமக்காரர் மறுமுறை கேட்கத் தயங்குகின்றனர். கண்ணாடித் துண்டு, பொலித்தீன், சவர அலகு, பழைய டோர்ச் பற்றரி ஆகியன அதனுடன் கலந்து வருவதே காரணம். பின்னர் சல்லடையிற் சலித்தால் போகாதா எனச் சிலர் கேட்பர். பெரிய துண்டுகள் போகும். சிறு கண்ணாடிச் சில்லுகளும், பற்றரியிலிருந்து கசிந்த உலோக நஞ்சும் போகமாட்டா. ஆகவே குப்பை எருவாகுமா ஆகாதா என்பது, அது முதன்முதல் விழும் வாளியிலேயே முடிவாகிவிடுகின்றது. அவ்வாளியையும், அதனைச் சுமந்து வரும் வண்டியையும் பற்றியே இத்துண்டுப்பிரசுரம் கூறுகின்றது.

வயலில் வெறுங்காலுடன் இறங்குவோர்க்கு இது வெறும் துப்புரவுப் பேச்சன்று. வலப்பனை, ஹங்குராங்கெத்தை, கொத்மலைப் பகுதிகளின் நெற்கமக்காரர் சேற்றில் நின்றே வேலை செய்கின்றனர். எருவுடன் வந்த கண்ணாடி சேற்றினுள் கண்ணுக்குத் தெரியாது. காலிற் கீறிய சிறு காயத்தின் வழியே எலிக்காய்ச்சற் கிருமி எளிதிற் புகும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் இந்நோய் பரவியபோது 7000க்கு மேற்பட்டோர் அதற்கு ஆளானதாகக் கருதப்பட்டனர். நெல்வயலில் வேலை செய்வோர் இந்நோய்க்கு எளிதில் இலக்காகின்றனர். அந்நோயைப் பரப்பும் எலியும் மூடாத குப்பையிலேயே பெருகுகின்றது என்பதை நினைவிற் கொள்க.

வீட்டிலும் லயத்திலும் வைக்கும் கலங்கள்

பாரிசு நகரின் ஆட்சியாளராயிருந்த யூசேன் புபெல் என்பவர், 1883ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு கட்டளை பிறப்பித்தார். வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் மூடியுள்ள கலங்களிலேயே குப்பையை வைத்தல் வேண்டும். அழுகுபவை ஒன்றில், கடதாசியும் கந்தையும் ஒன்றில், கண்ணாடியும் ஓடும் ஒன்றில். அந்நகர மக்கள் சினந்து, குப்பைக் கலத்துக்கே அவர் பெயரை இட்டனர். இன்றும் பிரெஞ்சு மொழியில் குப்பைத்தொட்டிக்குப் பெயர் புபெல் என்பதேயாகும். வசைச்சொல் நிலைத்தது, மூன்று கலம் வைக்கும் வழக்கமோ அப்போது நிலைக்கவில்லை. நம் நாட்டில் இப்போது பச்சை நிறம் மக்குபவைக்கும், நீலம் கடதாசிக்கும், செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கும், சிவப்பு கண்ணாடிக்கும் உரியனவாகக் கொள்ளப்படுகின்றன. நிறம் பூசிய தொட்டி வாங்க வசதியில்லாதவிடத்து இரண்டு கலங்களே போதும்: மக்குபவைக்கு மூடியுள்ள வாளி ஒன்று, ஏனையவற்றுக்கு உரச்சாக்கு ஒன்று. வாளியின் அடியில் ஒரு பிடி உலர்ந்த இலை அல்லது மரத்தூள் இட்டால் கசிநீரை அது உறிஞ்சிக்கொள்ளும். வாளி 15 லீற்றருக்கு மேற்படலாகாது; நிறைந்ததை ஏணிப்படி போன்ற லயப் பாதையில் ஒருவர் தூக்கிச் செல்லல் வேண்டுமல்லவா?

தோட்டப்பகுதிகளில் இவ்விடயம் பிந்தியமைக்குச் சட்டமும் ஒரு காரணம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் தம் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாயிருந்தது. அதனால் சபையின் குப்பை வண்டி பெருந்தெருவோடு நின்றுவிட, லயத்துக் குப்பை கானிலும் ஓடையிலும் விழுந்தது. 2018ஆம் ஆண்டில் அப்பிரிவு திருத்தப்பட்டது. தடை நீங்கிய பின்னும், ஒடுங்கிய தோட்டப் பாதைகளில் ஏறத்தக்க வண்டி எது என்ற கேள்வி எஞ்சியுள்ளது.

மலைப் பாதைக்கு ஏற்ற வண்டி

ஈரமான மரக்கறிக் கழிவு பாரம் மிக்கது. ஒரு கனமீற்றர் அளவு, அமுக்காத நிலையிலேயே ஏறத்தாழ 300 முதல் 400 கிலோகிராம் வரை நிற்கும். 200 லீற்றர் எண்ணெய்ப் பீப்பாயை நிரப்பினால் 70 கிலோகிராம் அளவாகும். பத்தடி செல்ல ஓரடி உயரும் பாதையில், வண்டியும் பாரமும் சேர்ந்து 100 கிலோகிராம் எனின், சில்லின் உராய்வைச் சேர்க்காமலே 10 கிலோகிராம் விசை வண்டியைப் பின்னோக்கி இழுக்கும். ஏறும்போது இது களைப்பு; இறங்கும்போது ஆபத்து. ஆகவே ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டியில் 25 கிலோகிராமுக்கு மேல் ஏற்றாதிருப்பது நன்று. இரு சில்லுக் கைவண்டிக்கு அகன்ற றப்பர்ச் சில்லுகளும், நிறுத்தும்போது முட்டுக்கொடுக்கும் மரக்கட்டை ஒன்றும் கட்டாயம் வேண்டும். பாரம் சில்லின் அச்சுக்கு நேர்மேலே அமையுமாறு அடுக்குக. பிடிப்பக்கம் சாய்ந்தால் கை வலிக்கும், முன்பக்கம் சாய்ந்தால் வண்டி கவிழும்.

தோட்டத்துக்குள்ளிருந்து நகரப் பாதை வரை கொண்டு செல்வதற்கு, இரு சில்லு உழவு இயந்திரத்துடன் பூட்டிய இழுவைப்பெட்டி ஏற்றது. கடும் வளைவிலும் அது திரும்பும். பெட்டியின் நடுவே ஒரு பலகைத் தடுப்பு வைத்தால் ஒரே பயணத்தில் இருவகைக் குப்பையும் கலவாமல் வரும். மிக எளிய இத்தடுப்பை நான் பெரிய இயந்திரம் எதனினும் உயர்வாக மதிக்கின்றேன். பின்கதவு கீழே மடங்கும்படி இருத்தல் வேண்டும்; இல்லையேல் இறக்குவோர் முதுகு முறியும். தடுப்பு உடையாத இழுவைப்பெட்டியானாலும் வலைகொண்டு மூடாமல் ஓட்டலாகாது.

அமுக்கி ஏற்றும் பெரிய லொறிகள் நகரங்களில் உள்ளன. காகிதமும் பெட்டியும் மிகுந்த, உலர்ந்த குப்பையுள்ள நாடுகளில் அவை பெரும்பயன் தருவன. அங்கே பாரம் குறைவு, பருமன் அதிகம். நம் குப்பை ஏற்கெனவே ஈரமும் பாரமும் உடையது. அதனை அமுக்கினால் பருமன் சிறிதே குறையும்; கசிநீரோ தெருவெங்கும் சொட்டும்; கண்ணாடி நொறுங்கி இலைக்குள் அமிழும். ஆதலால் கலந்த குப்பையை அமுக்கி வந்த லொறியிலிருந்து எருவுக்குப் பொருள் வாங்காதீர்கள்.

கலந்த குப்பையை எங்கேனும் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்பாரும் உளர். கொழும்பில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 ஏப்ரல் 14ஆம் திகதி சரிந்து 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். அது சமநிலத்தில் எழுந்த மேடு. மண்சரிவுக்குப் பெயர்பெற்ற நம் மலைச்சரிவுகளில் ஈரக்குப்பையைக் குவிப்பதன் விளைவை நீங்களே எண்ணிக்கொள்க.

நோயைச் சுமந்து வரும் சில்லு

கலவாத தூய இலைக்கழிவிலும் ஒரு கேடு மறைந்திருத்தல் கூடும். கோவாவின் வேர் வீங்கித் தடிக்கும் நோயின் வித்திகள் மண்ணிற் பல்லாண்டுகள் உயிரோடிருக்கும். உருளைக்கிழங்கின் வாடல் நோய்க்கிருமியும் அழுகிய கிழங்குடனும் ஒட்டிய மண்ணுடனும் பயணம் செய்யும். சந்தையிலிருந்து வரும் வண்டி இவற்றைச் சில்லில் ஒட்டிக்கொண்டு உங்கள் பாத்திக்கே வரலாம். ஆகவே வண்டியை வாயிலில் நிறுத்தி, பொருளைத் தோட்டத்துக்குரிய வேறு கூடையில் மாற்றி எடுத்துச் செல்க. கோவா, முள்ளங்கி ஆகியவற்றின் வேர்களையும், அழுகிய உருளைக்கிழங்கையும் ஏற்றும்போதே விலக்குக. கூட்டெருக் குவியலின் சூடு பல கிருமிகளைக் கொல்லுமாயினும், நுவரெலியாவின் குளிரில் சிறிய குவியலின் வெளிப்புறம் போதிய சூடு அடைவதில்லை. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்ட மாதங்களில், எரு என்ற பெயரில் வந்ததையெல்லாம் ஆராயாமல் ஏற்க நேர்ந்தோர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் நன்று.

வேலை முடிந்ததும் பெட்டியையும் சில்லையும் தூரிகையால் தேய்த்துக் கழுவி, வெயிலில் உலரவிடுக. கழுவும் இடம் ஓடைக்கரையாக இருத்தல் கூடாது. ஹற்றன் மேட்டின் ஒருபுறத்து நீர் ஹற்றன் ஓயா வழியே மகாவலியை அடைகின்றது; டிக்கோயாப் புறத்து நீர் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுந்து களனியை அடைகின்றது. கொழும்பு மக்கள் குடிப்பதும் அக்களனி நீரையே. கழுவிய நீரைக் கூட்டெருக் குழியருகே சிறு பள்ளத்தில் விட்டால் குவியலுக்குத் தேவையான ஈரமும் கிடைக்கும்.

சந்தை வியாபாரிகளிடமோ தோட்ட நிர்வாகத்திடமோ பொருள் பெற விரும்புவோர், பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து வாரத்தில் இரு நாட்களைக் குறித்துக்கொள்வது வசதி. தனித்தனியே சென்றால் இழுவைப்பெட்டியின் கூலி எருவின் பயனை விழுங்கிவிடும். முதல்நாளே வியாபாரிக்கு வெற்றுச் சாக்குகளைக் கொடுத்து, இலை தவிர வேறெதையும் அதில் இடாதிருக்கக் கேட்டுக்கொள்க. சாக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது உதறிக் காட்டுவதும் நல்ல வழக்கம். கூட்டெருக் குழியின் அளவுகளையும் குவியல் அடுக்கும் முறையையும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம்.