இருபது நிமிட மின்சாரம்

ஒரு பேட்டரி, இரண்டு ஒயர்கள், ஒயர் நுனியில் உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுத் துண்டுகள். மண்டையைத் திறக்காமலே மூளைக்கு மின்சாரம் செலுத்தும் கருவி அடிப்படையில் இவ்வளவுதான். ஒரு பஞ்சை, கையை அசைக்க ஆணையிடும் இயக்கப் புறணிக்கு நேர்மேலே, உச்சந்தலைக்குச் சற்றுப் பக்கவாட்டில் வைப்பார்கள். மற்றது எதிர்ப்பக்கப் புருவத்துக்கு மேல். 1 அல்லது 2 மில்லிஆம்பியர் மின்னோட்டம், பெரும்பாலும் இருபது நிமிடம். தோல் லேசாகக் குறுகுறுக்கும். சற்று நேரத்தில் அதுவும் அடங்கிவிடும்.

இவ்வளவு சிறிய மின்னோட்டம் நரம்பணுக்களைத் தானாக இயங்க வைக்காது. அவற்றின் மின்னழுத்தத்தைச் சிறிதளவு நகர்த்தும், அவ்வளவே. அடுத்து வரும் சமிக்ஞைக்கு அவை எளிதில் இசைந்து கொடுக்கும். 2000இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் மைக்கேல் நிட்ஷேயும் வால்டர் பவுலஸும் இதை அளந்து காட்டினார்கள். காந்தத் துடிப்பால் இயக்கப் புறணியைத் தட்டிக் கைத்தசை எவ்வளவு துடிக்கிறது என்று பார்த்தார்கள். ஒரு திசையில் மின்னோட்டம் கொடுத்தபின் துடிப்பு கூடியது. திசையை மாற்றினால் குறைந்தது. கருவியை அணைத்த பிறகும் சில நிமிடங்களுக்கு அந்த மாற்றம் நீடித்தது.

அப்படியானால் வெறுமனே கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்றும் கற்க முடியாது. கூடவே பயிற்சியும் நடக்க வேண்டும். 2009இல் ஜேனின் ரீஸும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதில் எனக்கு மிகவும் பிடித்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓர் உணரியைப் பிடித்து அழுத்த வேண்டும். அழுத்தத்துக்கு ஏற்பத் திரையில் ஒரு புள்ளி நகரும். அதைக் குறித்த இலக்குகளில் வரிசையாக, வேகமாக நிறுத்த வேண்டும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலும் புள்ளி இலக்கைத் தாண்டிப் போய்விடும். ஐந்து நாள் பயிற்சி. பாதிப் பேருக்கு உண்மையான மின்னோட்டம், மீதிப் பேருக்குத் தொடக்கத்தில் மட்டும் குறுகுறுப்பூட்டி நிறுத்திவிடும் பொய்யோட்டம். பயிற்சி நேரத்துக்குள் இரு அணிகளும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் முன்னேறின. ஆனால் மறுநாள் வந்து உட்கார்ந்தபோது, மின்னோட்டம் பெற்றவர்களின் கையில் திறமை கூடுதலாகப் படிந்திருந்தது. மூன்று மாதம் கழித்தும் அவர்களே முன்னணியில் இருந்தார்கள்.

இதில் விளையாட்டு உலகம் ஆசை கொண்டது இயல்பே. 2016இல் அமெரிக்காவின் ஹாலோ நியூரோசயின்ஸ் நிறுவனம் ஹெட்ஃபோன் வடிவில் ஒரு கருவியைக் கொண்டுவந்தது. தலைப்பட்டையின் உட்புறம் மென்மையான முட்கள். அவற்றின் வழியே மின்னோட்டம். அமெரிக்கப் பனிச்சறுக்குத் தாண்டல் வீரர்கள் ஏழு பேரிடம் சோதித்து, தாண்டும் விசை பெரிதும் கூடியதாக அறிவித்தார்கள். ஏழு பேர் என்பது மிகவும் சின்ன எண்ணிக்கை. அதுவும் கருவியை விற்கும் நிறுவனமே சொன்ன முடிவு. இதை மட்டும் நம்பி ஒரு வீரரின் பயிற்சித் திட்டத்தை மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. ரீஸின் ஆய்வில் கலந்துகொண்டவர்கள் அந்தப் பணிக்குப் புதியவர்கள். தேர்ந்தவர்களின் கதை வேறு. 2014இல் ஷினிச்சி ஃபுருயாவும் சகாக்களும் பியானோ கலைஞர்களையும் இசைப் பயிற்சி இல்லாதவர்களையும் ஒப்பிட்டார்கள். பயிற்சி இல்லாதவர்களின் விரல் நுணுக்கம் மின்தூண்டலால் மேம்பட்டது. கலைஞர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. பல்லாண்டு உழைப்பில் ஏற்கெனவே உச்சத்தைத் தொட்டுவிட்ட மூளையில் மேலும் ஏற இடம் குறைவு என்றே அவர்கள் விளக்கினார்கள். ஒலிம்பிக் வீரரின் நிலையும் கிட்டத்தட்ட இதுதான். இத்தனைக்கும் செலுத்தும் மின்னோட்டத்தின் பெரும்பகுதி தோலிலும் மண்டையோட்டிலுமே கழிந்துவிடுகிறது; மூளைக்குள் இறங்குவது மிச்சம் மீதிதான். தலையோட்டின் தடிமன் ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒரே அமைப்பில் இருவருக்கும் ஒரே அளவு போய்ச் சேர்வதும் இல்லை.

பயிற்சியாளர்கள் இதைப் பரிசோதிக்க விரும்பினால், புதிதாக ஒரு நுட்பத்தைக் கற்கும் நாட்களில்தான் பார்க்க வேண்டும்: பந்துவீச்சாளர் புது வகைப் பந்தைப் பழகும்போது, காயத்துக்குப் பிறகு ஓட்டப்பந்தய வீரர் நடையைச் சீர்செய்யும்போது. அங்கே இன்னும் கற்க நிறைய இருக்கிறது. வீட்டிலேயே பேட்டரியை இணைத்துச் சோதிக்கும் ஆர்வலர்களுக்கு 2016இல் ஆய்வாளர்கள் பலர் கூட்டாக எச்சரிக்கைக் கடிதம் எழுதினார்கள். அதை இளம் வீரர்களின் பெற்றோர்களும் மனதில் கொள்ள வேண்டும்.

ஹாலோ நிறுவனத்தை 2021இல் ஸ்வீடனின் ஃப்ளோ நியூரோசயின்ஸ் வாங்கிவிட்டது. மனச்சோர்வுக்குச் சிகிச்சையாக, நெற்றிப் பகுதியில் இதே மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தும் கருவியைத் தயாரிக்கும் நிறுவனம் அது.